சீக்கிரம் எடுத்த பொம்மைகள்

டிசம்பர் மாதம் வேலப்பன்சாவடி பேக்கரியைத் தாண்டும்போது சுக்கும் பட்டையும் வெண்ணெயும் சேர்ந்து வேகிற வாசனை வரும். மற்றவர்கள் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு ஆகா என்பார்கள். எனக்குக் குமட்டும். துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு நடையைக் கட்டுவேன். "சாக்கடைக்குக்கூட இப்படி மூக்கைப் பொத்த மாட்டே, பிஸ்கட்டுக்குப் பொத்தறே" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். சாக்கடை வாசனை எனக்கு யாரையும் ஞாபகப்படுத்துவதில்லை. இது படுத்துகிறது. நான் என்ன செய்யட்டும்?

அது யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. நூம்பலுக்கு வருவதற்கு முன்னால் பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் நான்கு பிளாக் உள்ள ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருந்தவர். அப்போது அக்கா, அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இப்போது அந்தச் சொல் வாயில் வரமாட்டேன் என்கிறது. அதனால் அந்தம்மா என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஐம்பதை ஒட்டிய வயது. வாய் நிறையச் சிரிப்பு. கட்டடத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் ரசச் சொம்போடு வந்து நிற்பவர் அவர்தான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் சொம்பைக் கீழே வைத்ததும், போர்த்திக்கொண்டு கிடப்பவரின் முகத்தைப் பார்த்து, "வெயில்ல போகாம இருந்ததுல நல்லா வெளுத்திருக்கீங்க, இப்படியே இருங்க" என்பார். ஒரு மனிதரைப் பார்த்ததும் அவர் கண்ணில் முதலில் படுவது தோல். இரண்டாவதாகப் படுவதும் தோல்தான். அந்த மனிதருக்குப் பசியா, வலியா, வேலை போய்விட்டதா என்பதெல்லாம் பிறகு.

நாங்கள் குடிவந்த அன்றைக்கே லிஃப்டில் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நான் என்னவோ நாடி பார்க்கிறார் என்று நினைத்தேன். "உள்பக்கம் பார்த்தா நீ சிவப்புதான்டி. மேல்பக்கம்தான் வெயில்ல மாநிறமாயிடுச்சு. தப்பா எடுத்துக்காத, ஆசைக்குச் சொன்னேன்" என்றார். இந்த 'ஆசைக்கு' அவருடைய வாய்ப்பாடு. எதைச் சொல்லிவிட்டும் கடைசியில் அதை ஒட்டிவிடுவார். அதற்குப் பிறகு யாராவது முகம் சுளித்தால் தப்பு சுளித்தவர் மேல்தான்.

முதல் மாடியில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பிரீசர் பாக்ஸைச் சுற்றிப் பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். மாலை போட்டுவிட்டுக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்த அந்தம்மா, என் பக்கம் குனிந்து, "போனப்புறம் என்ன கலரா இருக்காரு பாரேன். இருந்தப்ப இப்படி இல்லையே" என்றார். இறந்தவரின் மகள் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழுந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவு அருவருப்பு.

இனி அந்த பிஸ்கட் கதை.

அந்தம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவர். கிறிஸ்துமஸ் அவர் வீட்டுப் பண்டிகை இல்லை. ஆனால் அம்பத்தூரில் ஏதோ ஒரு பேக்கிங் வகுப்புக்குப் போய் ஜிஞ்சர்பிரெட் கற்றுக்கொண்டு வந்திருந்தார். மனித உருவத்தில் வெட்டிச் சுடுகிற இஞ்சி பிஸ்கட். அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரும் கட்டடத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மை சுடுவார். பெயர் எழுத மாட்டார். மீசை, கண்ணாடி, சேலை, சுடிதார், வழுக்கை எல்லாம் ஐசிங்கில் வரைந்து, பார்த்தவுடன் இது இன்னார் என்று தெரிகிற மாதிரி செய்வார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு மாலையில் அசோசியேஷன் ஹாலில் எல்லோரையும் கூப்பிட்டு, ரிப்பன் கட்டிய கவரில் குடும்பம் குடும்பமாகக் கொடுப்பார். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். கட்டடமே அதற்குக் காத்துக்கிடக்கும்.

எனக்குக் கோலம் நன்றாக வரும். அதைப் பார்த்துவிட்டு, "கோலம் போடுற கைக்கு ஐசிங் கோன் என்ன பெரிய விஷயம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முட்டை வெள்ளையும் ஐசிங் சர்க்கரையும் அடித்து, பட்டர் பேப்பரைச் சுருட்டிய கோனில் நிரப்பி, முனையைத் துளி வெட்டிக் கொடுப்பார். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கோடு இழுப்பேன். பிடித்துத்தான் செய்தேன். நான்காவது மாடிக்காரரின் முறுக்கு மீசை சரியாக வந்தபோது எனக்கே கை தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மாவு பிசைவதும் அடுப்பில் வைப்பதும் அவர் மட்டும். சமையலறைக்குள் என்னை விடமாட்டார். தட்டுத் தட்டாக வெளியே வரும். எல்லாம் ஒரே மாவு, வெல்லப் பாகும் சுக்கும் போட்ட இளம் பழுப்பு மாவு. ஆனால் ஒரு தட்டில் பொம்மைகள் வெளுத்துப்போய், தொட்டால் விரல் பதிகிற மாதிரி இருக்கும். இன்னொரு தட்டு தேன் நிறம். கடைசித் தட்டு கருகிக் கிடக்கும். முதல் வருடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அக்கா, ஓவன்ல ஏதோ கோளாறு. ஒண்ணு வேகல, ஒண்ணு தீஞ்சுபோச்சு" என்றேன்.

மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அடி போடி. ஓவன் நல்லாத்தான் இருக்கு. அவங்கவங்க கலருக்கு எடுக்கறேன். பேங்க் மேனேஜர் வீட்டம்மா பால் மாதிரி இருக்காங்கல்ல, அவங்கள உள்ள வச்ச உடனே வெளிய எடுத்துடணும். டி பிளாக் ஆளுங்கள வச்சுட்டுக் குளிச்சுட்டே வரலாம்."

நான் கோனைக் கீழே வைத்துவிட்டேன்.

"உன்னுது நடுத் தட்டு. கவலைப்படாத, உனக்குக் கொஞ்சம் முன்னாடியே எடுத்துட்டேன். ஆசைக்கு" என்றார்.

"இது நல்லா இல்லக்கா. வாங்கறவங்க மனசு என்ன பாடுபடும்?" என்று கேட்டேன். அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "யாருக்குடி பாடு? எல்லாரும் கேட்டுல்ல வாங்கறாங்க!"

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். அன்று சாயங்காலத்துக்குள்ளேயே அவர் வீட்டுக் காலிங்பெல் அடித்தது. பி பிளாக் பெண்மணி ஒருவர் வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்தி, "என் பொண்ணோடத மட்டும் கொஞ்சம் சீக்கிரம் எடுத்துடுங்க. வரன் பார்த்துகிட்டு இருக்கோம், நீங்க குரூப்ல போட்டோ போடுவீங்க" என்றார். அவர் போனதும் அந்த முறுக்கு மீசைக்காரர். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர், நடையிலேயே ஒரு மிடுக்கு இருக்கும். கையில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில். "போன தடவை நம்மள ரொம்ப நேரம் உள்ள வச்சிட்டீங்கம்மா, பேரன் சிரிக்கிறான்" என்று பாட்டிலை நீட்டினார். அந்தம்மா வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கு யார் மேல் அதிகம் அருவருப்பு வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சீக்கிரம் எடுத்தது வேகுமா? வேகாது. அந்த வெளுத்த பொம்மைகளைக் கடித்தால் உள்ளே பச்சை மாவு, பல்லில் அப்பிக்கொள்ளும். அதையும் ஹாலில் நின்று சிரித்துக்கொண்டே மென்றார்கள். "எவ்ளோ சாஃப்ட்டா இருக்கு!" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தோசை மட்டும் முறுகலாக இல்லை என்றால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவர்கள் இவர்கள். மறுநாள் பாதிக் கட்டடத்துக்கு வயிறு சரியில்லை. குடிதண்ணீர் லாரிக்காரன் மேல் பழியைப் போட்டு அசோசியேஷனில் புகார் கொடுத்தார்கள்.

ஒரு தட்டை மறந்து அடுப்பில் விட்டுவிட்டால் அந்தம்மா கவலைப்பட மாட்டார். "இது நம்ம வாட்ச்மேனுக்கு ஆச்சு" என்று எடுத்து வைப்பார். அடுத்த நாள் நான் வாட்ச்மேனிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நாய்க்குப் போட்டேன் மேடம். அது மோந்து பார்த்துட்டு என்னை ஒரு மாதிரி பார்த்துச்சு" என்றார்.

இவ்வளவும் பேசுகிற அந்தம்மா என்ன நிறம் என்று கேட்பீர்கள். நடுத் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் இடையில். முகத்துக்குப் பவுடர் போட்டிருப்பார், கழுத்து உண்மையைச் சொல்லிவிடும். தனக்கும் ஒரு பொம்மை செய்துகொள்வார். அதுதான் அடுப்பிலிருந்து முதலில் வெளியே வருவது. மேனேஜர் வீட்டம்மாவுக்கும் முன்னால். வேகாததால் அது நிமிர்ந்து நிற்காது, இடுப்பில் மடிந்து விழும். பின்னால் ஓர் அட்டையை வைத்து ஐசிங்கால் ஒட்டி நிறுத்துவார். அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. "எப்படி, நான் அப்படியே இருக்கேன்ல?" என்று அவர் கேட்டதும் அந்தப் பரிதாபம் ஓடிப்போய்விட்டது.

அடுத்த வருடம் கோன் பிடிக்கக் கூப்பிட்டார். தலைவலி என்றேன். மறுபடி கூப்பிட்டபோது, எனக்குப் பிடிக்கவில்லை, வரமாட்டேன் என்று நேராகவே சொல்லிவிட்டேன். "உனக்கு ஜாலின்னா என்னன்னே தெரியாதுடி" என்றார். அந்த வருடம் என் பொம்மை கடைசித் தட்டில் வந்தது.

அந்த வருடம்தான் எதிர் வீட்டுக்கு ரேவதி வந்திருந்தாள். பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா திருநின்றவூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர், அப்பா லாரியில் மூட்டை ஏற்றி மகளை இன்ஜினியரிங் படிக்கவைத்தவர். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கூட வேலை பார்த்த பையனோடு காதல் கல்யாணம். பையன் வீட்டில் எல்லோரும் நல்ல சிவப்பு, ரேவதி நல்ல கறுப்பு. ஒரு வருடம் மருமகளை வீட்டுக்குள் சேர்க்காமல் இருந்துவிட்டு, அவள் மாசமானதும்தான் மாமியார் மனசு இறங்கிக் கூட்டிக்கொண்டு வந்தார். இறங்கின மனசு தினமும் காலையில் ஒரு தம்ளர் குங்குமப்பூப் பாலாக வந்து நிற்கும்.

"பால் குடிக்கறதுல எனக்கு ஒண்ணியும் இல்லக்கா" என்று ரேவதி என்னிடம் சொன்னாள். "குட்ச்சு முடிக்கற வரிக்கும் என் மூஞ்சியப் பாக்காம வயித்தயே பாத்துகினு நிக்கறாங்க. என் புள்ள பொறந்ததும் எப்டிப் பாப்பாங்களோன்னு இப்பவே பயமா கீது."

அந்த டிசம்பர் மாலையில் ஹால் நிரம்பி வழிந்தது. அந்தம்மா தலையில் சிவப்புக் குல்லாய் வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்திருந்தார். குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டார். ரேவதி வீட்டு முறை வந்தது. மாமியார் முன்னால், மாமனார் பின்னால், பிறகு பையன், கடைசியில் ரேவதி, மேடான வயிற்றோடு. அந்தம்மா கவரைத் திறந்து ஒவ்வொரு பொம்மையாகத் தூக்கிக் காட்டினார். மூன்று வெள்ளை. பிறகு ஒரு கறுப்பு, தலையில் வெள்ளை ஐசிங் பூவோடு. ஹாலில் அங்கங்கே சிரிப்பு.

"இருங்க, இன்னும் முடியல" என்றார் அந்தம்மா. கவருக்குள் கை விட்டு விரல் நீளத்தில் இரண்டு குட்டிப் பொம்மைகளை எடுத்தார். ஒன்று வெளுத்தது, ஒன்று கருகியது. "அப்பா மாதிரியா, அம்மா மாதிரியா? யாருக்குத் தெரியும்! ரேவதி, எது பொறக்குதோ அத வச்சுக்கோ, இன்னொண்ணத் தின்னுடு. தப்பா எடுத்துக்காதம்மா, ஆசைக்குத்தான்!"

ஹால் அதிர்ந்தது. மேனேஜர் வீட்டம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ரேவதியின் மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவள் புருஷன் செல்போனில் எதையோ தேடினான். இன்னும் பிறக்காத ஒரு குழந்தையை இரண்டு பிஸ்கட்டாக்கி மைக்கில் ஏலம் விடுகிறார்கள், இத்தனை படித்தவர்கள் சிரிக்கிறார்கள். 

ரேவதி அழுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தம்மாவின் கையிலிருந்து வெளுத்த குட்டிப் பொம்மையை வாங்கினாள். ஒரு கடி கடித்தாள். மென்றாள். கைக்குட்டையை எடுத்து அதில் துப்பினாள். மைக் பக்கத்திலேயே இருந்தது.

"இன்னாக்கா இது, வேகவே இல்ல. பச்ச மாவு. இதப் போயி எல்லாருக்கும் குட்த்துகினு கீறீங்க?"

சிரிப்பு நின்றது. முதல் தட்டுக்காரர்கள் பலர் ஆளுக்கொரு காலையோ கையையோ கடித்து வாயில் வைத்திருந்தார்கள். மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மேனேஜர் வீட்டம்மா கஷ்டப்பட்டு விழுங்குவதை நான் பார்த்தேன்.

"ஏய், நான் ஆசைக்குத்தான்..." என்று அந்தம்மா ஆரம்பித்தார்.

ரேவதி கறுப்புக் குட்டியை எடுத்துப் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "இத நான் வச்சுக்கறேன். இதான் பொறக்கப் போவுது" என்று சொல்லிவிட்டு, யாருக்காகவும் நிற்காமல் நடந்து போய்விட்டாள். மாமியாருக்கு மானமே போயிற்று. வீம்புக்குத் தன் வெள்ளைப் பொம்மையைத் தலையிலிருந்து கால் வரை தின்று தீர்த்தார். மறுநாள் முழுக்க ரேவதிதான் அவருக்கு ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. பட்டாபிராமில் அம்மா வீட்டில் சில மாதம் இருந்துவிட்டுக் குழந்தையோடு திரும்பி வந்தாள். அடுத்த நாள் நான் பார்க்கப் போயிருந்தேன். மாமியார் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கால் மேல் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டி முடித்துத் துவட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிண்ணத்தில் கடலை மாவு. குழந்தை கையைக் காலை உதைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தது. அவரும் இடைவிடாமல் கொஞ்சிக்கொண்டிருந்தார். சரி, அந்த நிறப் பித்தெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தம்மா வந்தார், கையில் குழந்தைக்கு ஒரு குட்டிக் கவுனோடு. உட்காரவில்லை. நேராகக் குனிந்து, இரண்டு விரலால் குழந்தையின் காது மடலைத் திருப்பினார். பிறந்த குழந்தை என்ன நிறத்துக்கு வரும் என்பதைக் காது ஓரத்தில் பார்த்துச் சொல்வார்களாம்.

"காத வுடுங்கக்கா" என்று ரேவதியின் குரல் பின்னால் கேட்டது. "அங்க இன்னா தேடறீங்க? ஷோகேஸ்ல கீது பாருங்க."

கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி பாட்டில். அதற்குள் அந்தக் கறுப்புக் குட்டிப் பொம்மை, ஐசிங் கண்கள் உதிராமல் நின்றது.

"எது பொறக்குதோ அத வச்சுக்கச் சொன்னீங்க. வச்சுகீறேன்."

அந்தம்மா சிரிக்கப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆள் கிடைக்கவில்லை. குழந்தையை மறுபடி ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் பெருந்தன்மையில் தானே நெகிழ்ந்துபோன குரலில், "கறுப்பா இருந்தாலும் களையாத்தான் இருக்கு" என்றார்.

மாமியார் துவட்டுவதை நிறுத்தினார். "கொழந்தைக்குத் தூக்கம் வருது. நீங்க கெளம்புங்க" என்றார். அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பது எனக்குத் தெரியாது. அந்தம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ள ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். நானே எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். அந்த மாமியாருக்குக் கை கொடுக்கலாம் என்று சந்தோஷமாகத் திரும்பினேன்.

அவர் குழந்தையின் மேல் குனிந்து, ஈரக் கையால் அதன் இன்னொரு காது மடலை மெதுவாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேவதியும் பார்த்துவிட்டாள். சத்தம் போடவில்லை. வந்து குனிந்து குழந்தையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இன்னா அத்தே, புள்ளய அடுப்புலயா வச்சுகீறோம், வெந்துச்சா வெந்துச்சான்னு எடுத்து எடுத்துப் பாக்க?"